புது வீட்டில் எரிய மறுத்த ஸ்ட்ரீமிங் பெட்டி

வட அமெரிக்காவில் வாடகை வீடு எடுத்துக் குடியேறிய தொடக்கத்தில், நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு அம்மாவுக்குப் பகல் முழுவதும் துணையாக இருந்தது, இணையம் வழியாக நிகழ்ச்சிகளைக் காட்ட, தொலைக்காட்சியுடன் இணைத்திருந்த உள்ளங்கை அளவு ஸ்ட்ரீமிங் பெட்டிதான். அக்கம்பக்கத்தாரின் மொழி அவருக்குப் புரியாது. தனியாக வெளியே போய்வரும் தைரியமும் இன்னும் வரவில்லை. தமிழ்ச் செய்தி, தொடர், பழைய பாட்டு எல்லாம் அந்தப் பெட்டியின் வழியாகவே வீட்டுக்குள் வந்தன. ஒருநாள் மாலை நான் உள்ளே நுழைந்ததுமே, "பெட்டில லைட்டே எரியலப்பா, காலைலேர்ந்து இப்படியேதான் கெடக்கு" என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் தொலைக்காட்சிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அன்றும், அதற்குப் பிறகு நண்பர்களின் வீடுகளிலும் பார்த்துத் தெரிந்துகொண்டதைப் புதிதாக வந்து இறங்குவோருக்காக எழுதுகிறேன்.

விளக்கு எரியவில்லை என்றால் பெட்டி போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. சுவரிலிருந்து பெட்டி வரை மின்சாரம் வந்து சேரும் வழியில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். புலம்பெயர்ந்து வந்த நமக்கு அந்த வழியே புதிது என்பதால், அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் சாக்கெட்டின் பக்கத்திலேயே அதற்கான ஸ்விட்ச் இருக்கும். போட்டிருக்கிறதா இல்லையா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வட அமெரிக்க வீடுகளிலோ சாக்கெட்டில் ஸ்விட்ச் இருப்பதில்லை, செருகினால் மின்சாரம் வரும் என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கூரையில் விளக்கு வைக்காமல் கட்டிய கூடங்கள் பல உண்டு. அங்கே நிற்கும் விளக்கை வாசலருகிலிருந்தே போட வசதியாக, கதவோரம் இருக்கும் ஸ்விட்சைச் சுவரின் கீழ்ப்பகுதியிலுள்ள ஏதாவது ஒரு சாக்கெட்டுடன் இணைத்திருப்பார்கள். சில இடங்களில் இரட்டைச் சாக்கெட்டின் ஒரு பாதி மட்டும் அந்த ஸ்விட்சுக்குக் கட்டுப்படும், மறு பாதி எப்போதும் உயிரோடு இருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். எதற்கென்றே தெரியாத ஒரு ஸ்விட்ச் கதவோரத்தில் வீணாகப் போட்டுக் கிடக்கிறதே என்று அம்மா காலையில் அதை அணைத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்த கை அது. பெட்டியின் அடாப்டர் செருகியிருந்த சாக்கெட்டில் கைப்பேசிச் சார்ஜரைச் செருகினேன், சார்ஜ் ஏறவில்லை. அதற்குக் கீழே இருந்த பாதியில் செருகினேன், ஏறியது. அந்த இரண்டு சோதனைகளிலேயே பெட்டியின் மேல் குற்றமில்லை என்பது தெளிவாகிவிட்டது. கதவோர ஸ்விட்சைப் போட்டதும் பெட்டியின் முகப்பில் வெள்ளைப் புள்ளி எரிந்தது. அடாப்டரை எப்போதும் மின்சாரம் வரும் பாதிக்கு மாற்றிவிட்டு, அந்த ஸ்விட்சின் மேல் எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டினேன். வாடகைக்கு வீடு எடுப்போர் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஸ்விட்சும் எதை இயக்குகிறது என்று நடந்து பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. வீட்டுக்காரர் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.

பேஸ்மென்டில் குடியிருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளியலறை, சமையலறை, கராஜ் ஆகிய இடங்களில் டெஸ்ட், ரீசெட் என்று இரு சிறு பொத்தான்கள் உள்ள சாக்கெட்டுகள் இருக்கும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்து உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அதே கம்பியில் அதற்கு அடுத்தடுத்து இணைத்த சாதாரணச் சாக்கெட்டுகளும் அதைச் சார்ந்தே இருக்கக்கூடும். குளியலறையில் அந்தப் பொத்தான் விழுந்து மின்சாரம் துண்டானால், சுவருக்கு மறுபுறம் தொலைக்காட்சி இருக்கும் இடத்திலும் மின்சாரம் போய்விடக்கூடும். ரீசெட்டை அழுத்தினால் திரும்பிவிடும். மீண்டும் மீண்டும் விழுந்தால் நாமாக ஏதும் செய்யாமல் வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை வரவழைக்க வேண்டும். பிரித்தானியா போன ஒரு நண்பருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அங்கே பிளக்குக்குள்ளேயே சிறிய ஃபியூஸ் உண்டு, நீட்டிப்பு வயரின் பிளக்கில் இருந்த ஃபியூஸ் போனதால் அதில் செருகிய எல்லாமே ஒன்றாக நின்றுவிட்டன.

ஊரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். இந்தியா, இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இன்புட் 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கும் கவலையில்லை, பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு இணைப்பி போதும். 230 வோல்ட் என்று மட்டும் இருந்தால், குறிப்பாக உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய அடாப்டராக இருந்தால், 120 வோல்ட்டில் அது ஏறத்தாழப் பாதி அழுத்தத்தைத்தான் கொடுக்கும், பெட்டி எரியாது. இதன் மறுதலைதான் ஆபத்தானது. 120 வோல்ட்டுக்கு மட்டுமான அடாப்டரை 230 வோல்ட் நாட்டில் செருகினால் கருகிவிடும். இணைப்பி வடிவத்தை மாற்றுமே தவிர அழுத்தத்தை மாற்றாது என்பதை வந்த புதிதில் பலர் அறிவதில்லை. மலிவான இணைப்பிகள் சாக்கெட்டில் தளர்வாக உட்கார்வதும் உண்டு. கை பட்டால் விளக்கு அணைந்து எரிகிறது என்றால் அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

சில மாதங்கள் கழித்து எங்கள் பெட்டிக்கு உண்மையாகவே நோய் வந்தது. இம்முறை விளக்கு மங்கலாக எரிந்து, நிறுவனச் சின்னம் திரையில் தோன்றி, மறைந்து, மறுபடியும் தோன்றியது. இரண்டு நாளில் அதுவும் நின்றது. சாக்கெட்டில் மின்சாரம் இருந்தது. முதலில் அடாப்டரைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு நேராகச் சுவரில் செருகிப் பார்த்தேன், பயனில்லை. பெரும்பாலும் பெட்டியை விட அடாப்டரே முதலில் கெடும், அது எப்போதும் சூட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு காரணம். உள்ளேயிருக்கும், மின்சாரத்தைச் சிறிது தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் திரவம் வெப்பத்தால் நாளடைவில் வறண்டுபோகும், அவை சக்தி இழக்கும். எங்கள் அடாப்டர் ஹீட்டருக்கு மேலே, திரைச்சீலைக்குள் புதைந்து கிடந்தது.

மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியை வைத்து அளந்தால் கெட்ட அடாப்டரும் சரியான அழுத்தத்தையே காட்டக்கூடும். பெட்டியை இணைத்து அது மின்னோட்டத்தை இழுக்கும்போதுதான் அழுத்தம் சரியும். ஆகவே நல்லது என்று தெரிந்த இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. ஆனால் கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது. அவுட்புட் வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும்: 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டியே போய்விடும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பெட்டி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். வட்ட முனையில் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதை லேபிளில் உள்ள சிறு வட்டப் படம் காட்டும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். முனையின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றாகவே இருந்தாலும், துளை 2.1, 2.5 என இருவகையில் வரும், பெட்டியிலுள்ள 2.1 ஊசியில் 2.5 துளையைப் போட்டால் உள்ளே போய்விடும், ஆனால் தொடுகை நிற்காது. இவை நான்கும் பொருந்திய அடாப்டரை வாங்கிச் செருகியதும் பெட்டி பழையபடி எழுந்தது. அம்மா அன்று விட்டுப்போன தொடரை எல்லாம் இரவு வரை பார்த்தார், நாங்களும் உடன் உட்கார்ந்தோம்.

தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராகச் செருகும் குச்சி வகையாக இருந்தால், மின்சாரம் பெரும்பாலும் தனி யு.எஸ்.பி. வயரில் வரும். பலர் அதைத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலேயே செருகிவிடுகிறார்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தரக் கடமைப்பட்டது 0.5 ஆம்பியர்தான், குச்சிகளுக்குப் பொதுவாக 1 ஆம்பியரோ அதற்கு மேலோ தேவை. பல தொலைக்காட்சிகளில், தொலைக்காட்சி அணையும்போது அந்தத் துளையும் உறங்கிவிடும். பெட்டியுடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகி, அதனுடன் வந்த வயரையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மெலிந்து நீண்ட வயர்களில் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும்.

விளக்கு மங்காமல் சீராக எரிந்தும் படம் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு அன்று. தொலைக்காட்சியின் இன்புட்டை மாற்றிப் பார்ப்பது, வேறு எச்.டி.எம்.ஐ. வயர், ரிமோட்டுக்குப் புது பேட்டரி என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

உயிருள்ள சாக்கெட், பொருத்தமான அடாப்டர், சரியான வயர் மூன்றும் இருந்தும் விளக்கு எரியவில்லையானால் கோளாறு பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில்தான். அதைப் பிரிக்க வேண்டாம். உத்தரவாதக் காலம் இருந்தால் ரசீதுடன் வாங்கிய இடத்துக்கே கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்ட உத்தரவாதம் உண்டு. பெட்டியைக் கைவிடுவதென்றால் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுக்க வேண்டும். எரியாத பெட்டியில் நம் கணக்கை அழிக்க முடியாது என்பதால், அதற்கு முன்பே கைப்பேசியிலோ கணினியிலோ கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தப் பெட்டியை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.