காலாவதியான குழந்தை இருக்கையும் கைமாறும் வழக்கமும்

கனடாவுக்குப் புதிதாக வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றால், தள்ளுவண்டியும் குளிர்கால உடுப்புகளும் விளையாட்டுப் பொருள்களும் நமக்கு முன்னரே வந்த உறவினர் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்த உதவி இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் முதல் சில ஆண்டுகளைத் தாண்டியிருக்க முடியாது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் அவ்வாறு வந்து சேரும் பொருள்களுள் காரில் பூட்டும் குழந்தை இருக்கையை மட்டும், கொடுத்தவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், கவிழ்த்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் இரண்டாவது மகளுக்காக என் மச்சாள் கொடுத்த இருக்கை பார்வைக்குப் புதியது போலவே இருந்தது. துணியில் கறை இல்லை, பூட்டு நன்றாகப் பூட்டியது. ஆனால் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2014 என்றும், பாவனைக் காலம் 6 ஆண்டுகள் என்றும் இருந்தது. மகள் பிறந்ததோ 2021இல். புதியது வாங்கவேண்டும் என்று நான் சொன்னபோது, "இது என்ன பால்மாவா, திகதி முடிஞ்ச உடனே பழுதாகிப் போக?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த நாட்டுக்கு வரும்வரை நம்மில் பலர் பிளாஸ்டிக் பொருளுக்குக் காலாவதித் திகதி இருக்கும் என்று கேள்விப்பட்டதே இல்லை.

அந்தத் திகதிக்கு மறுநாளே இருக்கை உடைந்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. தன் பொருள் எத்தனை ஆண்டுகளுக்கு நம்பத்தக்கது என்று தயாரிப்பாளர் வரையறுக்கும் எல்லை அது; பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் வரை இருக்கும். குளிர்காலத்தில் உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கும் குளிரிலும், கோடையில் கண்ணாடிகள் மூடிய காருக்குள் ஏறும் கடும் வெப்பத்திலும், பக்கவாட்டுக் கண்ணாடி வழியே விழும் வெயிலிலும் இருக்கையின் பிளாஸ்டிக் ஓடு ஆண்டு முழுவதும் கிடக்கிறது. விரிந்தும் சுருங்கியும் நாளடைவில் பிளாஸ்டிக் நொய்ந்துபோகலாம். மயிரிழை போன்ற வெடிப்புகள் துணிக்கும் மெத்தைக்கும் அடியில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பட்டிகள் தேய்கின்றன, பிஸ்கட் துகள்களும் பாலும் பூட்டுக்குள் இறங்கி இறுகுகின்றன, எச்சரிக்கை எழுத்துகள் அழிகின்றன, உதிரிப்பாகம் வேண்டுமென்றால் அந்த மாதிரி இருக்கையே உற்பத்தியில் இல்லாதிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மோதலின்போது கணப்பொழுதில் முழு விசையையும் தாங்கவேண்டிய பொருள் இது. அதன் வலிமையை வீட்டில் வைத்து அசைத்துப் பார்த்தோ இழுத்துப் பார்த்தோ சோதித்துவிட முடியாது. ஆகவே திகதி முடிந்ததென்றால் மாற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

திகதி இன்னும் முடியவில்லை என்றாலும் இரண்டு விடயங்களைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, அந்த இருக்கை பூட்டியிருந்த வாகனம் எப்போதாவது மோதியதா என்பது. மோதலின்போது இருக்கையில் குழந்தை இல்லாதிருந்தாலும் கூட அதை மாற்றவேண்டும் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். நம் வாகனமே மோதியிருந்தால், புதிய இருக்கைக்கான செலவைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கத் தயங்கக் கூடாது. இரண்டாவது, அந்த மாதிரி இருக்கைகள் பாதுகாப்புக் குறைபாட்டினால் தயாரிப்பாளரால் மீளப்பெறப்பட்டனவா என்பது. கனடியப் போக்குவரத்து அமைச்சின் இணையத்தளத்தில் மாதிரியின் பெயரையும் தயாரிப்புத் திகதியையும் கொண்டு இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் இருக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கு பயன்படுத்தும் இருக்கையில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். அது இல்லாத இருக்கை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் கனடிய விதிகளுக்கு அமைந்ததாகக் கொள்ளப்படாது. முத்திரை உள்ள மலிவான இருக்கையும் விலை கூடியதும் ஒரே பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவைதான். கையிறுக்கமான குடும்பங்கள் இதை அறிந்துகொண்டால், காலாவதியான உயர்தர இருக்கையை விட மலிவான புதியதை மனக்குறையில்லாமல் வாங்குவார்கள்.

மாற்றும்போது அதே வகையையே மீண்டும் வாங்கவேண்டும் என்பதும் இல்லை. ஒன்ராறியோவில் 9 கிலோ எடைக்குக் குறைந்த குழந்தை பின்னோக்கியே அமரவேண்டும். 9 முதல் 18 கிலோ வரை பட்டிகளால் கட்டும் குழந்தை இருக்கை. அதன் பின்னர் 8 வயதோ, 36 கிலோ எடையோ, 145 சென்டிமீட்டர் உயரமோ ஆகும்வரை பூஸ்டர், அதாவது காரின் இருக்கைப் பட்டி உடலில் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் இருக்கை. இவை சட்டம் கேட்கும் குறைந்த அளவுகளே. பழைய இருக்கை காலாவதியாகும் வேளையில் பிள்ளை அடுத்த கட்டத்துக்கு உண்மையிலேயே வளர்ந்திருந்தால் பூஸ்டரை வாங்கலாம். வளராத பிள்ளையைச் செலவு கருதி பூஸ்டருக்கு ஏற்றிவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கடையில் வாங்கும்போது பெட்டியிலுள்ள தயாரிப்புத் திகதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல தயாரிப்பாளர்கள் காலத்தைத் தயாரித்த நாளிலிருந்தே கணக்கிடுவதால், மலிவு விற்பனைக்கு வரும் இருக்கை களஞ்சியத்தில் கிடந்த காலமும் கழிந்துவிடும். இன்னொரு குழந்தையும் வரக்கூடும் என்று எண்ணுபவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

மச்சாளிடம் இதைச் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கொடுத்ததைத் திருப்பிவிட்டோம் என்று மனம் நோகுமோ என்று தயங்கினேன். அடிப்பக்கத்துச் சீட்டைக் காட்டி விளக்கியதும், அதே இருக்கையை அடுத்ததாகத் தன் தங்கைக்குக் கொடுக்க எண்ணியிருந்ததாகச் சொன்னார். அப்படியே குப்பையோரம் வைத்தால் தேவையுள்ள எவராவது எடுத்துச் சென்று தம் பிள்ளையை அமர்த்திவிடுவார்கள் என்பதால், நாங்கள் இருவரும் சேர்ந்து பட்டிகளை வெட்டி, துணியைக் கழற்றி, ஓட்டின் மேல் பெரிய எழுத்தில் 'காலாவதியானது, பயன்படுத்த வேண்டாம்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வெளியே வைத்தோம். புதிய இருக்கையோடு வந்த பதிவு அட்டையை அன்றிரவே நிரப்பித் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். பின்னாளில் ஏதாவது குறைபாடு கண்டறியப்பட்டால் எங்களுக்கு அறிவிப்பதற்கு அவர்களிடம் எங்கள் முகவரி இருக்கவேண்டும்.