கோஸுமெல் கப்பலும் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும்

பள்ளியின் ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு எங்கள் குடும்பமும் அக்கா குடும்பமும் சேர்ந்து ஒரு க்ரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம், புக் செய்தோம். டெக்ஸஸின் கால்வெஸ்டனில் ஏறி, மெக்ஸிகோவின் புரோக்ரெசோவையும் கோஸுமெல் தீவையும் பார்த்துவிட்டு, மறுபடி கால்வெஸ்டனிலேயே இறங்கும் கப்பல். பால்கனி ரூமா, உள் ரூமா என்பதை அக்காவும் நானும் ஒரே போனில் முடித்துவிட்டோம். பிள்ளைகளுக்கு எந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போவது என்பதில்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வாரக்கணக்கில் ஓடியது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி, அதுதான் காரணம். என் மகள் ஒன்பது வயது, ஹூஸ்டனில் பிறந்தவள். கைக்குழந்தையாக ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எடுத்த பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. குழந்தைகள் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தே வருடம்தான் ஆயுள். இரண்டு வயது மகனுக்குப் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. அக்கா மகன் பிறந்தது கோயம்புத்தூரில். அக்காவும் அத்தானும் அமெரிக்கச் சிட்டிசன் ஆனபோது தானாகவே சிட்டிசன் ஆனவன். இப்போது பதினாறு முடிந்துவிட்டது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். கடல் வழியாகவும் தரை வழியாகவும் அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்கள் என்ன ஆவணம் காட்ட வேண்டும் என்ற விதி 2009 ஜூன் 1 முதல் இறுகியது. ஆனால் ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்கும் க்ரூஸுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ‘குளோஸ்டு லூப்’ என்பார்கள். அதில் போகும் அமெரிக்கச் சிட்டிசன் பெரியவர்கள் பிறப்புச் சான்றிதழும் போட்டோ ஐடியும் காட்டினால் போதும். பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் போட்டோ ஐடிகூட வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும்.

இங்கே ஒரு கிளைக்கதை. இங்கிருந்து போகும் க்ரூஸ்கள் எல்லாம் ஏன் மெக்ஸிகோ, பஹாமாஸ், கனடா என்று எங்கேயாவது ஒரு வெளிநாட்டைத் தொட்டுவிட்டே வருகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 1886இல் வந்த ஒரு சட்டம்தான் காரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் ஆட்களை ஏற்றி, வேறெந்த நாட்டையும் தொடாமல் அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் பதிவானவை. சியாட்டிலில் கிளம்பும் அலாஸ்கா கப்பல்கள் ராத்திரி நேரத்திலாவது கனடாவின் விக்டோரியாவில் தலையைக் காட்டிவிட்டு வருவது இதற்காகத்தான். ஆக, க்ரூஸ் என்றாலே எல்லை தாண்டுவது. எல்லை தாண்டினால் பேப்பர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று: பிறப்புச் சான்றிதழ், பர்ஸில் வைக்கிற அட்டையாக வரும் பாஸ்போர்ட் கார்டு, வழக்கமான பாஸ்போர்ட் புத்தகம். நான் இதை எழுதும்போது பதினாறு வயதுக்குக் கீழான பிள்ளைக்குப் புத்தகம் 100 டாலர், கார்டு 15 டாலர். இரண்டில் எதை எடுத்தாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் 35 டாலர் தனி. அக்கா கணக்கில் புலி. “சட்டமே பர்த் சர்ட்டிபிகேட் போதுங்குது, அப்புறம் எதுக்குடி தலைக்கு 135 டாலர்?” என்றாள்.

கப்பலில் ஏறுவதை மட்டும் நினைத்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் திரும்பி வருவதை நினைத்தேன். கோஸுமெலில் மகன் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டு, கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டால் எப்படி வீடு வருவது? விமானத்தில்தான். வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறப் பிறப்புச் சான்றிதழ் செல்லாது. பாஸ்போர்ட் கார்டும் செல்லாது. பெயரில் பாஸ்போர்ட் இருக்கிறதே தவிர, அது மெக்ஸிகோ, கனடா, பெர்முடா, கரீபியன் நாடுகளிலிருந்து தரையிலோ கடலிலோ திரும்புவதற்கு மட்டும்தான். புத்தகம் இல்லாவிட்டால் அமெரிக்கத் தூதரகத்தைத் தேடிப் போய் அவசரப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். எங்கள் ரூட்டில் துணைத் தூதரகம் இருப்பது மெரிடாவில். புரோக்ரெசோவில் மாட்டிக்கொண்டால் அது பக்கம்தான், 40 கிலோமீட்டர்கூட இருக்காது. கோஸுமெலில் மாட்டினால் ஃபெர்ரி பிடித்து பிளாயா டெல் கார்மென் வந்து, அங்கிருந்து காரில் இன்னும் சில மணி நேரம். கட்டுப் போட்ட கையோடு இருக்கும் ரெண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.

கார்டைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரில் அடிக்கடி கனடா போய்வரும் குடும்பத்துக்கு அது சௌகரியம். க்ரூஸ் போகும் குழந்தைக்கு, பிறப்புச் சான்றிதழ் செய்கிற வேலையைத்தான் 50 டாலர் வாங்கிக்கொண்டு கார்டும் செய்கிறது. அதோடு நம்மவர்களுக்கு இன்னொன்று உண்டு. இந்தியா போக ஓசிஐ (வெளிநாட்டுச் சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) எடுக்க வேண்டுமென்றால் பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் புத்தகம் வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எடுக்கத்தான் போகிறோம். அதை க்ரூஸுக்கு முன்னாலேயே எடுத்தால் என்ன?

அக்கா அரை மனதோடு சம்மதித்தாள். அவள் மகன் விஷயத்தில் பேரமே கிடையாது என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. கோயம்புத்தூர் மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ் அவன் இந்தியாவில் பிறந்தான் என்பதைத்தான் நிரூபிக்கும். அமெரிக்கச் சிட்டிசன் என்று அது எங்கே சொல்கிறது? பெற்றோர் சிட்டிசன் ஆகும்போது பதினெட்டு வயதுக்குள் இருந்து, கிரீன் கார்டோடு அவர்களுடன் இங்கே வாழும் பிள்ளை தானாகவே சிட்டிசன் ஆகிவிடும். 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் அது. ஆனால் அந்த “தானாகவே”யைக் காட்டத் தனியாக ஒரு பேப்பர் வீட்டுக்கு வராது. பாஸ்போர்ட்தான் அதற்குச் சுலபமான சாட்சி. “சித்தி, என்கிட்ட பர்மிட் இருக்கே, அது போதாதா?” என்று டிரைவிங் பர்மிட்டை நீட்டினான். அது அவன் யார் என்று சொல்லும், எந்த நாட்டுக்காரன் என்று சொல்லாது. அக்காவின் சிட்டிசன்ஷிப் சான்றிதழ், அவனுடைய கிரீன் கார்டு, கோயம்புத்தூர் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் என்று ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு போனார்கள். பதினாறு ஆகிவிட்டதால் அவனுக்குப் பெரியவர்களின் கட்டணம், பத்து வருடப் பாஸ்போர்ட்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் போட்டோ எடுப்பதுதான் பெரும்பாடு. மகள் கண்ணாடி போடுகிறவள். 2016 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட் போட்டோவில் கண்ணாடி கூடாது என்பதால் கழற்றச் சொன்னோம். கழற்றியதும் கேமரா எங்கே என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கினாள். சின்னவனைக் கார் சீட்டில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார வைத்தோம். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், பிடித்திருக்கும் அம்மாவின் கை படத்தில் தெரியக் கூடாது, பார்வை நேராக இருக்க வேண்டும். நான் கேமராவுக்குப் பின்னால் கார் சாவியை ஆட்ட, அவன் சாவியைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மிக அழகான, எதற்கும் உதவாத போட்டோ. கடைசியில் சாவியை நான் கீழே போட்ட சத்தத்துக்குத் திடுக்கிட்டுப் பார்த்த படம்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பழைய பாஸ்போர்ட் இருந்தாலும் புதுப்பிப்பு என்று தபாலில் அனுப்ப முடியாது. டிஎஸ்-11 என்ற படிவத்தை நிரப்பிக்கொண்டு, பிள்ளையோடு அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பலாம். டிஎஸ்-11இல் மட்டும் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். போஸ்ட் ஆபீஸில் விண்ணப்பத்தை வாங்கிய அம்மா எங்களை வலது கையைத் தூக்கிச் சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லச் சொன்னார். மகளும் கூடவே கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துத் தம்பியும் தூக்கினான், ஒன்றல்ல, இரண்டு கையையும்.

விண்ணப்பத்தோடு ஒரிஜினல் பிறப்புச் சான்றிதழையும் அனுப்புகிறோம். அது பாஸ்போர்ட்டோடு வராது, தனி உறையில் பின்னால் வரும். கப்பல் நாள் நெருங்குகிறது, பாஸ்போர்ட் வரவில்லை, சான்றிதழும் கையில் இல்லை என்றால் நிலைமை என்ன? அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே கவுன்டி அலுவலகத்தில் இன்னொரு சான்றளித்த நகல் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன். இருபத்திச் சொச்சம் டாலர்தான். வாங்கும்போது பெற்றோர் பெயரெல்லாம் இருக்கும் நீளமான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். 2023 கோடையில் சாதாரண விண்ணப்பத்துக்கே 10 முதல் 13 வாரம் ஆனது. இப்போது வேகமாக வருகிறது என்றாலும், பள்ளி லீவுக்கு முன்னால் கூட்டம் எப்போதும் உண்டு.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் கடைசியில், பிள்ளைகளுக்கு என் கணவர் பெயர் கடைசியில். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று எந்தப் பேப்பரும் ஒரே பார்வையில் சொல்லாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு வந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யூ’ (First Name Unknown, முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, அது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை தொற்றிக்கொண்டு வந்த கதைகள் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் நிறைய. அப்பா அம்மா இருவரும் கூடப் போனால் பெரிதாகக் கேள்வி வராது. ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் மற்றவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெரியவர்கள் கதை தனி. நாங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட்; ஒருவருக்கு எச்1பி வேலை விசா, மற்றவருக்கு எச்4 துணைவர் விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்ஸிகோ விசா தேவையில்லை என்பதால் கவலையில்லாமல் போனோம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, ஐ-94 (இங்கே தங்குவதற்கான அனுமதிப் பதிவு) மட்டும் உயிரோடு இருப்பவர்கள் கவனிக்க: 30 நாளுக்குள் மெக்ஸிகோவுக்கோ கனடாவுக்கோ போய்த் திரும்ப நிபந்தனைகளோடு ஒரு சலுகை உண்டு. எச்1பிக்காரர்களுக்கு அது கரீபியன் தீவுகளுக்குப் பொருந்தாது. கப்பல் எந்தெந்த நாட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பிள்ளைகளுக்கும் நாடு முக்கியம். மார்டினிக் பிரான்ஸைச் சேர்ந்தது, அங்கே நிற்கும் கப்பலென்றால் குளோஸ்டு லூப் ஆனாலும் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

கிளம்பும் நாளில் டெர்மினலில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து குழந்தையின் சான்றிதழை எடுத்து நீட்டினார். ரோஜா நிறப் பார்டர், நடுவில் கறுப்பு மையில் குட்டிக் குட்டிப் பாதங்கள், கீழே ஆஸ்பத்திரியின் பெயர். பிறந்த ஞாபகத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காகிதம் அது. அரசுப் பதிவாளரின் முத்திரை அதில் கிடையாது. மேசையில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்பா ஓரமாக நகர்ந்து, வீட்டில் எந்த டிராயரைத் திறந்து பார்க்க வேண்டுமென்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் எங்கள் முறை வந்து நாங்கள் உள்ளே போய்விட்டோம். பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் கப்பலில் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லைதான்.

பயணம் நன்றாகவே போனது. புரோக்ரெசோவில் கடலுக்குள் நீளும் பாலம் ஆறு கிலோமீட்டருக்கும் மேல், பஸ்ஸில்தான் கரைக்குக் கூட்டிப் போகிறார்கள். டைனோசர்களின் கதையை முடித்த விண்கல் விழுந்த சிக்ஷுலுப் பக்கத்தில்தான் என்று கேள்விப்பட்டு அக்கா மகன் பள்ளத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். பள்ளம் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றதும் முகம் வாடிவிட்டது. கோஸுமெலில் சான் ஹெர்வாசியோ என்ற மாயா இடிபாடுகளுக்குப் போனோம். இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வணங்க மாயா மக்கள் வந்துபோன இடம். கோயில்கள் சின்னதுதான், ஆனால் கல் மேலெல்லாம் உடும்புபோல இகுவானாக்கள் அசையாமல் வெயில் காய்கின்றன. சின்னவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

துறைமுகங்களில் இறங்கும்போது பாஸ்போர்ட்களை ரூம் லாக்கரில் வைத்துவிட்டுப் போட்டோவை மட்டும் போனில் வைத்துக்கொண்டோம். அத்தான் இதை ஒப்புக்கொள்ளாமல் தன் குடும்பத்துப் புத்தகங்களை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டே சுற்றினார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கப்பலைத் தவறவிட்டால் அவர் பக்கம், கடற்கரையில் பை தொலைந்தால் என் பக்கம்.

யாருக்கும் கை உடையவில்லை, கப்பலும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. “பாரு, பர்த் சர்ட்டிபிகேட்டே போதுமா இருந்திருக்கும்” என்று கால்வெஸ்டனில் இறங்கும்போது அக்கா சொல்லத்தான் செய்தாள். இப்போது பாஸ்போர்ட் இருக்கிற தைரியத்தில், வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் ஸீவர்டில் இறங்கும் கப்பலுக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏறும் ஊர் வேறு, இறங்கும் ஊர் வேறு, குளோஸ்டு லூப் விலக்கு அங்கே பொருந்தாது. பிள்ளைகள் எல்லோரும் தயார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்கள் இருவருக்கும்தான் கனடா விசா எடுக்க வேண்டும்.