பீஸ்

எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் ஒரு படிவம் கொடுப்போம். 'உடலில் உலோகப் பொருட்கள் ஏதேனும் உள்ளனவா?' என்பது அதில் ஒரு கேள்வி. போன மாதம் நாரி நோவோடு வந்த ஒரு அம்மா அதற்கு 'இல்லை' என்று போட்டிருந்தார். வாயாலும் கேட்டேன். "உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ அம்மா?" "இல்லை மோனை." சரி, தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் எங்கள் ஆட்கள் கொடியில் கொழுவி வைத்திருக்கும் சேஃப்டி பின்களை இழுக்கும். அவரிடம் மூன்று இருந்தன.

கொடியை வைக்கப் பையைத் திறந்தபோது பழைய எக்ஸ்றே ஒன்று எட்டிப் பார்த்தது. இடுப்புப் படம். சும்மாதான் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு வெள்ளைப் பொட்டு.

இடுப்புக்குள் வெள்ளைப் பொட்டு தெரிவது புதினமில்லை. வயதானவர்களுக்கு நாளங்களில் சுண்ணாம்பு படிந்து சின்னச் சின்ன வட்டமாகத் தெரியும், சிலவற்றில் நடு கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். இவை அப்படியில்லை. எலும்பை விட வெள்ளை, ஓரமெல்லாம் பிய்த்துப் போட்ட ஓடு மாதிரி.

"அம்மா, இது என்ன?"

"அதோ? அது செல் பீஸ். 95 இலை, இடம்பெயர முதல், முத்தத்திலை நிக்கேக்கை பட்டது."

"இரும்பு இல்லை எண்டியள்?"

"இரும்பில்லைத் தம்பி, பீஸ்."

வெடித்த எறிகணையின் (செல்) இரும்புச் சிதறலைத்தான் எங்கள் ஆட்கள் 'பீஸ்' என்பார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றுக்குள் என்னவோவும் செய்தது. எங்கள் மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். படம் எடுக்காத நேரத்திலும் அது ஓயாது. இரவு பூட்டிவிட்டுப் போனாலும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய துண்டைச் சுற்றித் தழும்புத் தசை வளர்ந்து பிடித்துக்கொள்வதால் தொடையில் கிடப்பது பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ ஒரு அரிசிமணியளவு துண்டு கிடந்தால் கதை வேறு.

அன்று ஸ்கானை நிறுத்தினோம். நேராகவும் பக்கவாட்டாகவும் புதிதாக எக்ஸ்றே எடுத்தோம். ஒரு பக்கப் படத்தில் ஆழம் தெரியாது. கண்ணுக்கும் ஒன்று. மூன்று துண்டு வலது தொடையில், ஒன்று குண்டித் தசையில். கதிரியல் வைத்திய நிபுணர் படங்களை வைத்து நெடுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார். சூடாகவோ இழுக்கிற மாதிரியோ இருந்தால் அமத்தச் சொல்லி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தேன்.

அந்த மெஷின் போடும் சத்தத்துக்குப் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் குறட்டை விட்டார். குறட்டைக்கு உடம்பு ஆட, ஒரு தொடர்ப் படம் கலங்கிப்போய்த் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

நோவுக்குக் காரணம் பீஸ் இல்லை. நாரியில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமத்திக்கொண்டிருந்தது. எக்ஸ்றேயில் டிஸ்க் தெரியாது, அதனால்தான் இவ்வளவு பாடும்.

இப்போதெல்லாம் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எப்பவாவது பீஸ் பட்டதோ?" என்றுதான் கேட்கிறேன். "ஓம்" என்கிறவர்கள் கூடிவிட்டார்கள். முன்பு 'இல்லை' போட்டு உள்ளே போனவர்களை நினைத்தால் இப்பவும் நெஞ்சு திக்கென்கிறது.

போகும் முன் அம்மாவுக்குக் கணினியில் படத்தைக் காட்டினேன். எக்ஸ்றேயில் வெள்ளையாக இருந்த குண்டித் துண்டு, எம்.ஆர்.ஐ.யின் முதல் படத்தில் கறுப்பு ஓட்டையாக, நாலைந்து மடங்கு பெரிதாகத் தெரிந்தது. இரும்பு தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் குழப்பிவிடும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, உள்ளுக்கை கிடந்து பெருத்திட்டுதோ?"