புள்ளி என்பது உச்ச வரம்பு

சட்டை லேபிளில் உள்ள இஸ்திரிப் பெட்டி படத்துக்குள் ஒன்று முதல் மூன்று புள்ளிகள் வரை இருக்கும். இந்த அளவு சூடு வைக்க வேண்டும் என்றுதான் பலரும் அதைப் படிக்கிறார்கள். அந்தத் துணி தாங்கும் உச்ச வரம்பு அது. நெடுநாளாகப் புழங்கும் கணக்குப்படி ஒரு புள்ளிக்கு 110 டிகிரி செல்சியஸ், இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. நைலானும் அக்ரிலிக்கும் பெரும்பாலும் ஒரு புள்ளி. பட்டு, கம்பளி, பாலியஸ்டர் இரண்டு. பருத்தி, லினன் மூன்று. படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்கவே கூடாது.

பருத்தித் துணிதானே என்று மூன்று புள்ளிச் சூட்டில் இறங்கினால் ஏமாற்றிவிடும் துணிகள் உண்டு. பாலியஸ்டர் கலந்திருந்தால் பலவீனமான இழைதான் வரம்பைத் தீர்மானிக்கிறது. ரப்பர் அச்சு, பிளாஸ்டிக் பொத்தான், காலர் விறைப்பாக நிற்க உள்ளே பசையால் ஒட்டிய ஃப்யூசிங் துணி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த லேபிள். சூடு மிஞ்சினால் ஃப்யூசிங் பசை விட்டு காலர் குமிழ் குமிழாக எழும். அதை மறுபடி படிய வைப்பது கடினம்.

அதிகம் சறுக்குவது பெட்டியின் பழக்கம் தெரியாததால்தான். சுவிட்சு போட்டதும் முதல் சுற்றில் சூடு குறித்த அளவைத் தாண்டிப் போகும். விளக்கு ஒருமுறை அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்த பிறகு துணியில் வைப்பது நல்லது. பெட்டி சீக்கிரம் சூடேறும், ஆறுவதற்கு நேரமாகும். அதனால் குவியலைப் பிரித்து ஒரு புள்ளித் துணிகளை முதலில் முடிக்க வேண்டும், பருத்தி கடைசியில். வரிசை மாறினால் பருத்திக்குப் பிறகு வரும் நைலான் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு புள்ளியில் நீராவி வேண்டாம். அந்தச் சூட்டில் தண்ணீர் முழுதாக ஆவியாகாமல் சொட்டும், கறை விடும். அடர்நிறக் கம்பளிப் பேண்ட்டை நேரடியாக அழுத்தினால் இழை நசுங்கிப் பளபளப்பு ஏறும். உள்பக்கம் திருப்பி, ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்துத் தேய்க்க வேண்டும். பட்டில் தண்ணீர் தெளிப்பதே ஆபத்து, திட்டுத் திட்டாகத் தெரியும்.

கரிப்பெட்டியில் சூட்டைக் குறித்து வைக்க வழியில்லை. லேபிளைப் பார்த்துவிட்டு பழைய பருத்தித் துண்டில் ஓரிரு முறை இழுத்துச் சூட்டைத் தணிக்கலாம். பிறகு உள்மடிப்புத் தையலில் ஒரு விரல் அகலம் வைத்துப் பாருங்கள். துணி சுருங்கினாலோ தகடு இழுத்துப் பிடித்தாலோ இன்னும் ஆறவிடுங்கள்.