இறக்கத்தில் மட்டும் வலி

ஜனவரி 8, கோத்தகிரி

அப்பாவுக்கு ஏற்றத்தில் தொந்தரவு இல்லை. தேயிலைத் தோட்டப் பாதையில் முன்னால் குனிந்தபடி மூச்சு வாங்க ஏறிவிடுகிறார். பஸ் ஸ்டாப்புக்கு இறங்கும்போதுதான் பாதி வழியில் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகின்றன. ரோட்டோரக் கட்டைச்சுவரில் கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. வயசுக்கோளாறு, மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜனவரி 12

எலும்பு டாக்டர் பாதத்தில் நாடி பார்த்தார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. இறங்கும்போது முதுகு பின்னால் வளைவதால் நரம்புகள் போகும் எலும்புக் குழாய் இன்னும் குறுகுமாம், குனிந்தால் இடம் கிடைக்குமாம். அப்புறம் மாத்திரைச் சீட்டைக் கேட்டார். ஆஸ்துமாவுக்குப் பல வருஷமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அதில் அவர் விரல் நின்றது. எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார்.

ஜனவரி 17, கோவை

எம்.ஆர்.ஐ.யில் நோயின் பெயர் தெரிந்தது: ஸ்பைனல் எபிட்யூரல் லிப்போமடோசிஸ். நரம்பு உறைக்கு வெளியே இயல்பாகவே இருக்கும் கொழுப்பு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யின் டி1 என்ற வகைப் படத்தில் அது வெள்ளை. கொழுப்பை மறைத்து எடுத்த படத்தில் அதே இடம் கறுப்பு. குறுக்குவெட்டில் உருண்டையாக இருக்க வேண்டிய நரம்புப் பை 'ஒய்' எழுத்தாக நசுங்கிக் கிடந்தது. ஸ்டீராய்டு, உடல் பருமன் இரண்டுமே காரணமாகலாம். அப்பாவிடம் இரண்டும் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

“அப்போ இன்னிக்கே மாத்திரையை நிறுத்திடறேன்” என்றார் அப்பா. கூடவே கூடாது என்றார் டாக்டர். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்து பழகிய அட்ரீனல் சுரப்பி, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சு நோய் டாக்டர் இன்ஹேலரைச் சீராக்கி, மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைப்பார்.

மார்ச் 20, கோத்தகிரி

டீயோடு வர்க்கி கிடையாது. அப்பாவுக்கு அதில்தான் பெரிய வருத்தம். எடை இறங்குகிறது, மாத்திரை பாதியாகிவிட்டது, இழுப்பு வரவில்லை. கால் மரப்பும் குறைந்திருக்கிறது.

ஆனாலும் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சிறுநீர் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதம் துவண்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அப்போது முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து கொழுப்பை எடுக்க வேண்டியிருக்கலாம். ராத்திரியிலும் மேட்டுப்பாளையம் இறங்கத் தயங்காத டிரைவரின் நம்பரும் அதன் கீழே இருக்கிறது.