ஐம்பத்தொரு வயதில் ஒரு தாவல்: சப்போரோவிலிருந்து ஷிமோகாவா வரை

ஜப்பானின் ஸ்கீ ஜம்ப்பிங் வீரர் நொரியாக்கி கசாய் இன்னும் தாவிக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவே 2024 பிப்ரவரியில் அந்நாட்டின் வடக்குத் தீவான ஹொக்கைடோ போனேன். சப்போரோவில் வேலை பார்க்கும் என் மைத்துனர், "பனித் திருவிழா முடிஞ்ச பிறகு வர்றீங்களே அத்தான், என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார். ஐம்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் உலகக் கோப்பை ஸ்கீ ஜம்ப்பிங்கில் இறங்குகிறார், அதைப் பார்க்கத்தான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கீ ஜம்ப்பிங்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். செங்குத்தான பனித்தடத்தில் குந்தியபடி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி வந்து, விளிம்பில் விருட்டென்று எழும்பி, இரண்டு நீளப் பலகைகளை V வடிவத்தில் விரித்துக் காற்றில் படுத்தபடி நூறு மீட்டருக்கும் மேல் பறந்து இறங்குவார்கள். இருபது வயதுப் பையன்களின் விளையாட்டு என்றுதான் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 41 வயது கசாய் பெரிய மேடையில் வெள்ளி வாங்கும் வரை. போலந்தின் கமில் ஸ்டோக் 278.7 புள்ளிகள், கசாய் 277.4. வித்தியாசம் 1.3 தான். பெரிய மேடையில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி. ஒரு மீட்டர் கூடப் போயிருந்தால் தங்கம். அன்றிலிருந்து இந்த மனிதரை விடாமல் கவனித்து வருகிறேன்.

சப்போரோவில் மருயாமா கோயன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் ஒகுராயாமா மலையடிவாரம். 1931-இல் ஒகுரா என்ற பிரபு கட்டிக்கொடுத்த மேடை, 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்காகப் பெரிதாக்கப்பட்டது. போட்டி இல்லாத நாளில் இரட்டை இருக்கை லிஃப்டில் உச்சிக்குப் போகலாம். கடல் மட்டத்திலிருந்து 307 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் சறுக்குத்தடம் நேராக நகரத்துக்குள் பாய்வது போலிருக்கும். ஓடோரி பூங்காவும் கட்டடங்களும் காலுக்கு நேர் கீழே. மைத்துனர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதுலயா ஐம்பத்தொரு வயசுக்காரர்?" என்று மட்டும் கேட்டார். கீழே ஒலிம்பிக் அருங்காட்சியகத்தில் தாவல் அனுபவத்தைத் திரையில் தரும் ஒரு கருவி இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

பிப்ரவரி 17, சனிக்கிழமை, போட்டி. உலகக் கோப்பையில் தரவரிசையில் கடைசியில் இருப்பவர்கள் முதலில் தாவுவார்கள், முன்னணியில் இருப்பவர் கடைசியில். அந்த ஆண்டு புள்ளி எதுவும் இல்லாமல் ஜப்பான் அணியின் கூடுதல் இடத்தில் வந்தவர் என்பதால் கசாயின் முறை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பெயர் வந்ததுமே என்னைச் சுற்றி நின்றவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார்கள். கையுறையோடு தட்டினால் சத்தம் வராதே. உச்சியில், குறுக்குக் கம்பியின் நடுவில் ஒரு சிறு புள்ளியாக நகர்ந்து வந்து உட்கார்ந்தார். விளக்கு பச்சையாயிற்று. பயிற்சியாளர் கொடியைச் சாய்த்தார். கசாய் கம்பியை விட்டார்.

மேலிருந்து விளிம்பு வரை வர ஐந்தாறு நொடிதான் ஆகும். கூட்டத்தின் சத்தம் அவரோடு சேர்ந்தே கீழே இறங்கிவந்தது. எழும்பினார். அந்த உருவத்தை எனக்குத் தெரியும்: பலகைகளை நல்ல அகலமாக விரித்து, உடம்பை அவற்றுக்கு நடுவே தாழ்த்திக் கிட்டத்தட்டத் தட்டையாகப் படுப்பார். கசாய் இந்த விளையாட்டுக்குள் வந்தபோது பலகைகளை இணையாக வைத்துப் பறப்பதுதான் வழக்கம். சுவீடனின் யான் போக்லேவ் தொடங்கிய V பாணி எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் உலகமெங்கும் பரவ, எல்லோரும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அப்படி மாறிக் கற்ற தலைமுறையில் மற்றவர்கள் ஓய்வு பெற்று, பயிற்சியாளராகி, அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இவர் மட்டும் அந்தப் பனிச்சரிவில் இறங்கி, பலகையைக் கழற்றிக்கொண்டு, பார்வையாளர்களை நோக்கிக் கை அசைத்தார். உலகக் கோப்பைத் தனிநபர் போட்டியில் அது அவருடைய 570-ஆவது பங்கேற்பு. அவர் கின்னஸ் சாதனையை அவரே மறுபடி நீட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைத்துனர் எதுவும் கேட்கவில்லை, அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தேதியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1998 பிப்ரவரி 17 அன்றுதான் நாகானோ ஒலிம்பிக்கில் ஜப்பான் குழு தங்கம் வென்றது. காயமும் ஆட்டத்தில் சரிவும் சேர்ந்து கசாய் அந்த நால்வரில் இல்லை. சொந்த நாட்டில், அணித்தோழர்கள் கட்டிப்பிடித்து அழுததை அவர் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தாயையும் இழந்திருந்தார். 2014 பிப்ரவரி 17 அன்று சோச்சியில் குழு வெண்கலம். வெள்ளி வாங்கியபோது கலங்காத கசாய் இந்த வெண்கலத்துக்குத்தான் அழுதார். அப்புறம் அதே ஆண்டு நவம்பரில் பின்லாந்தின் ரூகாவில் 42 வயதில் உலகக் கோப்பைப் போட்டியை, சுவிட்சர்லாந்தின் சைமன் அம்மானோடு முதலிடத்தைப் பகிர்ந்து வென்றார். உலகக் கோப்பையில் அவ்வளவு வயதில் வென்றவர் வேறு யாருமில்லை. கசாய்க்கு முன் அந்தச் சாதனை யாரிடம் இருந்தது தெரியுமா? 2009-இல் பின்லாந்தின் குவோப்பியோவில் 38 வயதில் வென்ற டக்கனோபு ஒகாபேயிடம். நாகானோ தங்கக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர்.

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஷிமோகாவா. சோச்சி வெண்கலக் குழுவில் இருந்த டைக்கி இட்டோவும் அதே ஊர்தான், பெண்கள் பிரிவில் புகழ்பெற்ற யூகி இட்டோவும். மூவாயிரம் பேர் வாழும் ஒரு மரவெட்டு ஊர். நான் அங்கே போகாமல் திரும்புவதாக இல்லை.

சப்போரோவிலிருந்து வடக்கே நயோரோ வரை விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி. ஷிமோகாவாவுக்கும் முன்பு ரயில் இருந்தது, 1989-இல் அந்தத் தடத்தை மூடிவிட்டார்கள். நயோரோவிலிருந்து பேருந்துதான், அரை மணி. இருபுறமும் வயலா மேய்ச்சல் நிலமா என்று தெரியாத அளவுக்கு வெள்ளை. மைனஸ் 25, 30 வரை இறங்குகிற ஊர். வாளியில் தண்ணீர் ஊற்றி வைத்து, ஓரம் உறைந்ததும் நடுத்தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்தப் பனிக்கட்டி விளக்குகள் இன்னும் சில வீட்டு வாசல்களில் இருந்தன. மதியம் கையால் இழுத்த உடோன் நூடுல்ஸ், சூடான குழம்பில். ஊரின் இன்னொரு பெருமை அது.

ஊரை ஒட்டிய சரிவில் தாவல் மேடைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: 8 மீட்டர், 26, 40, 65. நான் ஒகுராயாமாவைப் பார்த்துவிட்டு வந்தவன், அங்கே கணக்குப் புள்ளியே, அதாவது தாவல் தூரத்தை மதிப்பிட வைத்திருக்கும் அளவுக்கோடே, 123 மீட்டர். இந்த 8 மீட்டர் மேடை எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படி போலிருந்தது. ஆறேழு வயதுக் குழந்தைகள் அதில் திரும்பத் திரும்ப ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கசாய், ஒகாபே எல்லோரும் இந்தச் சரிவிலிருந்து ஏறியவர்கள்.

அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகளின் வரிசையில் தன் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி படியேறிக்கொண்டிருந்தார். அவரை யாரும் முன்னே விடவும் இல்லை, விலகி நிற்கவும் இல்லை. வரிசை என்றால் வரிசை.

அவர் தாவுவதற்கு முன்னால் செய்த ஒரு பயிற்சியைச் சொல்ல வேண்டும். சமதரையில், பலகை இல்லாமல், சறுக்கும்போது இருப்பது போலவே குந்தினார்: மார்பு தொடையில், கைகள் பின்னால், பார்வை முன்னே. இளம் பயிற்சியாளர் ஒருவர் எதிரே கை நீட்டி நின்றார். பெரியவர் ஒரே உந்தில் முன்னோக்கி எழ, பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்து அவரைத் தலைக்கு மேலே அப்படியே கிடையாகத் தாங்கினார். ஒரு நொடி. இறக்கினார். குதிகால் சீக்கிரம் தூக்கிவிட்டது என்று கையால் காட்டினார். மறுபடி குந்தல். மறுபடி எழல். முழங்காலுக்கு மேல் சுற்றியிருந்த பட்டையை நடுநடுவே இழுத்துவிட்டுக்கொண்டார். விளிம்பில் எழும்ப ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதற்காகத்தான் இத்தனை முறையும்.

மைத்துனர் மொழிபெயர்க்க, பேசினோம். பள்ளியில் தாவினாராம். வேலை, குடும்பம் என்று விட்டுப்போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தாராம். இப்போது 40 மீட்டர் மேடை, முழங்கால் ஒத்துழைக்காத வாரம் 26. "65 வேண்டாமா?" என்று மைத்துனர் கேட்டதற்கு, அது போன வயசு என்றார், வருத்தமே இல்லாமல். இறங்கும்போது ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்குவதுதான் முறை, டெலிமார்க் என்பார்கள். அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள். இவர் இரண்டு காலையும் சமமாக வைத்து இறங்குகிறார், மருத்துவர் அப்படித்தான் அனுமதித்திருக்கிறார். புள்ளி போனால் போகட்டும் என்கிறார், ஆனால் தூரத்தை ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதுகிறார்.

மூத்தோருக்கான சர்வதேசப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடக்கின்றன. வயதுவாரியாகப் பிரிவு, பல அளவு மேடைகள். எழுபதைத் தாண்டியவர்களும் அங்கே வருவார்கள். பாதிப் பேர் சின்ன வயதில் தாவியவர்கள், மீதிப் பேர் நடுவயதில் 10 மீட்டர் மேடையில் தொடங்கியவர்கள் என்று பெரியவர் சொன்னார். அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது.

கசாய் ஒரு விதிவிலக்கு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதிவிலக்கை மட்டும் பார்த்தால் விஷயத்தின் பாதியைத்தான் பார்க்கிறோம் என்று ஷிமோகாவாவில் தோன்றியது. அந்தப் பெரியவர் இன்னும் தாவுவதற்குக் காரணம் அவருடைய மன உறுதி மட்டும் இல்லை. 40-க்குப் பக்கத்திலேயே ஒரு 26 நிற்கிறது. பிள்ளைகள் ஏறிப்போகக் கட்டிய அந்தப் படிகளிலேயே பெரியவர்கள் இறங்கிவரவும் முடிகிறது, விளையாட்டை விட்டு வெளியேறாமலேயே. கசாய்க்கும் அப்படி ஓர் இடம் அமைந்தது: சப்போரோவின் த்சுச்சியா ஹோம் என்ற வீடு கட்டும் நிறுவனத்தின் அணியில் அவர் வீரரும் பயிற்றுநரும். அதே அணியில் அவரிடம் வளர்ந்த ரியோயு கோபயாஷி 2022 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். சீடன் ஒலிம்பிக் சாம்பியன், குரு இன்னும் போட்டியாளர். வேறு எந்த விளையாட்டில் இப்படிப் பார்த்தோம்?

நம் ஊரில் நாற்பது தாண்டியவுடன் வாலிபால் மைதானத்திலிருந்து ஆளை நடைப்பயிற்சிப் பாதைக்கு அனுப்பிவிடுகிறோம். மூத்தோர் தடகளம் இருக்கிறது, ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் எட்டு வயதுக்காரனும் அறுபத்தைந்து வயதுக்காரரும் ஒரே வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மைதானம் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இல்லை. வேண்டும் என்று நினைக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். சப்போரோ உலகக் கோப்பை பெரும்பாலும் ஜனவரி அல்லது பிப்ரவரியில் நடக்கும், தேதி முன்கூட்டியே வந்துவிடும். ஒகுராயாமாவில் நின்றுகொண்டே பார்க்க வேண்டியிருக்கும், அதனால் உடையை விடக் காலணிக்குச் செலவழியுங்கள். கோடையிலும் போகலாம்: சரிவில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பனி இல்லாமலேயே தாவுவார்கள், போட்டிகளும் உண்டு. ஷிமோகாவாவுக்குப் போகிறவர்கள் நயோரோவுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் அடியில் நின்று பார்க்க அன்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. பிள்ளைகள் தாவி முடித்து வரும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள், நீங்களும் தட்டலாம்.