ராகிக்கு எந்த மழை வேண்டும்?

பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் கொல்லையில், மழை ஓய்ந்த மறுநாள் காலை அப்பா முதலில் செய்வது களைக்கொத்தால் இரண்டு மூன்று இடங்களில் மண்ணைக் கொத்திப் பார்ப்பதுதான். ஈரம் ஒரு சாண் இறங்கி, கையில் பிடித்த மண் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால், அதை ‘ஓர் உழவு மழை’ என்பார். நான் மழைமானி வைத்து நாள்தோறும் குறித்துவருகிறேன். ஆனால் மானி 40 மி.மீ. காட்டிய ஒரு நாளில், மேட்டுப் பக்கத்தில் நான்கு விரற்கடைக்கு மேல் மண் நனையவில்லை என்பதைக் களைக்கொத்துதான் எனக்குக் காட்டியது.

தருமபுரி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 850 மி.மீ. ராகி விதைப்பிலிருந்து அறுவடை வரை கேட்பது 350 முதல் 400 மி.மீ. வரைதான். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே ராகி ஏன் காய்கிறது என்பது விளங்காது. எங்கள் மணற்பாங்கான செம்மண், ஓர் அடி ஆழத்தில் செடி உறிஞ்சத்தக்க நீராக 30, மிஞ்சினால் 40 மி.மீ.தான் பிடித்துவைக்கும், வளர்ந்த பயிரோ வெயில் நாளில் 4 மி.மீ. வரை இழுத்துவிடும். ஆகவே நன்றாக நனைந்த கொல்லையிலும் எட்டு, பத்து நாளில் ஈரம் தீர்ந்துவிடுகிறது. இருபதாம் நாள் வந்து 80 மி.மீ. கொட்டும் மழை ஆண்டுக் கணக்கில் ஏறுமே தவிர, அதற்குள் வாடிப்போன கதிருக்கு உதவாது.

ஆடியில் விதைப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. இம்மாவட்டத்தில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை மிகுந்த மாதங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி விதைத்த ராகி, தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கொஞ்சமும் தாங்காத கதிர்ப் பருவத்தை அந்த மழைக்குள்தான் அடைகிறது. விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பொருத்தத்தைக் குலைக்கிறது. சாமைக்கும் கொள்ளுக்கும் இன்னும் குறைந்த நீர் போதும் என்பதால், பிந்திய ஆண்டுகளில் நாங்கள் கொள்ளுக்கு மாறிவிடுவோம்.

ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர். அந்தக் கணக்கில் ராகிக்கு ஏக்கருக்கு 14 முதல் 16 லட்சம் லிட்டர் வேண்டும், 1,200 மி.மீ. கேட்கும் நெல்லுக்கு 48 லட்சம். ஒகேனக்கலில் காவிரி புரண்டோடுவது எங்கள் வட்டத்தில்தான் என்றாலும், அந்த நீர் எங்கள் மேட்டுக் கொல்லைக்கு ஏறிவருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றை நம்பி இங்கே நெல்லும் கரும்பும் வைப்பது, பிள்ளைகளுக்கு உரிய நீரை இப்போதே இறைத்துவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

நான் நம்புவது, கொல்லையில் ஓடும் மழைநீரைத் தேக்கிவைக்கும் பண்ணைக்குட்டையை. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் கொண்ட குட்டையில் இரண்டு லட்சம் லிட்டர் நிற்கும். ஆவியானதும் கசிந்ததும் போக மிஞ்சுவதை வைத்து, கதிர் வரும் நேரத்தில் ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சிவிடலாம். அடுத்த மழை வரும்வரை பயிர் தாங்கும். இந்த ஆண்டு வெட்டத் தொடங்கியிருக்கிறோம். எங்கே வெட்டுவது என்று கேட்டபோது, கோடை மழையில் நீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடிய கிழக்கு மூலையைத்தான் அப்பா காட்டினார்.